இருளிலும் தெரியும் மேகம்

வானிலைச் செயற்கைக்கோள் படம் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது, நீலக் கடலின் மேல் பஞ்சுப் பொதிகளாக மேகங்கள் மிதக்கும் பகற்காட்சிதான். ஆனால் நம் நாட்டின் கரையைத் தாக்கிய புயல்கள் பல, பகலுக்காகக் காத்திருக்கவில்லை. 2013 அக்டோபர் 12 அன்று ஒடிசாவின் கோபால்பூர் அருகே பைலின் கரையேறியது இரவில். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா கரையைக் கடந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. 2020இல் புதுச்சேரி அருகே வந்த நிவரும், 2024இல் ஒடிசாவின் தாம்ராவை ஒட்டி வந்த டானாவும் அவ்வாறே. அந்த இரவுகளில் நம் கைப்பேசிக்கு வந்து குவிந்த மேகப் படங்களை எடுத்தது எது? சூரிய ஒளியே இல்லாதபோது மேகம் எப்படித் தெரிந்தது? அந்தப் படங்களில் தெரிந்த வெண்மை எதைக் குறித்தது?

இக்கேள்விகளுக்கு விடை தேடி, செயற்கைக்கோள் அனுப்பும் படங்களை நேரடியாகத் தம் வீட்டு மொட்டைமாடியிலேயே வாங்கிப் பார்க்கும் பொழுதுபோக்காளர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இதற்குப் பெரிய ஆய்வகம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு மடிக்கணினி, கட்டைவிரல் அளவுள்ள ஒரு வானொலிக் கருவி, இரண்டு அலுமினியக் கம்பிகள், ஓரளவு பொறுமை ஆகியவை போதும். படத்தை வாங்குவதைவிட அதைச் சரியாகப் படிப்பதுதான் கடினம்.

ஒளியன்று, வெப்பம்

உலகிலுள்ள ஒவ்வொரு பொருளும் தன் வெப்பநிலைக்கேற்பக் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களை இடையறாது வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. நிலமும் கடலும் மேகமும் வெளியிடும் கதிர்கள் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியே மிகுந்திருக்கும். நல்வாய்ப்பாக, 10 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையுள்ள இந்த அகச்சிவப்புக் கதிர்களைக் காற்றுமண்டலம் பெரிதும் விழுங்கிவிடாமல் மேலே செல்ல விடுகிறது. செயற்கைக்கோளில் உள்ள கருவி இந்தச் சாளரத்தின் வழியாகத்தான் பூமியைப் பார்க்கிறது. அதற்குப் பகலும் இரவும் ஒன்றே. அது வரைவது ஒளியின் படம் அன்று, வெப்பநிலையின் படம்.

அந்த வெப்பநிலை எண்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது, வெப்பமானதைக் கருமையாகவும் குளிர்ந்ததை வெண்மையாகவும் காட்டுவது வழக்கம். இது இயற்கை விதி அன்று. பகற்படத்தில் வெண்மையாகத் தெரியும் மேகம் இரவுப் படத்திலும் வெண்மையாகவே தெரியட்டும் என்று வானிலையாளர்கள் வகுத்துக்கொண்ட மரபு. தரையிலிருந்து மேலே செல்லச் செல்ல, கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி அளவில் காற்று குளிர்கிறது. ஆகவே வெண்மையான மேகம் என்றால் உச்சி உயரமாக உள்ள மேகம் என்று பொருள். நம் நாட்டின் மேல் 15 கிலோமீட்டரையும் தாண்டி எழும் இடிமேகத்தின் உச்சியில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 70 டிகிரிக்கும் அப்பால் சென்றுவிடும். அது படத்தில் பளீரென்று தெரியும். செய்திகளில் நாம் காணும் சிவப்பு, ஊதா நிறங்களெல்லாம் அந்தக் குளிரின் அளவைப் பிரித்துக் காட்டக் கணினி பூசியவையே.

மேகமற்ற இரவுப் படத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை புலப்படும். கோடைப் பகலில் தக்காண நிலம் கொதித்துக் கிடப்பதால் படத்தில் நிலம் கருமையாகவும், கடல் சற்று வெளிறியும் இருக்கும். இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடும். கடலோ பகல் வெப்பத்தை எளிதில் விடுவதில்லை. ஆகவே கடல் கருமையாகி, நிலம் வெளிறிவிடும். ஒடிசாவின் சிலிகா ஏரி போன்ற பெரிய நீர்ப்பரப்புகள் வெளிறிய நிலத்தின் நடுவே கரிய திட்டுகளாகத் தெரியும். இந்த இரு நிலைகளுக்கும் இடையே, காலையிலும் மாலையிலும் நிலமும் கடலும் ஒரே வெப்பநிலையை எட்டும் சிறுபொழுது உண்டு. அப்போது கடற்கரைக் கோடே படத்திலிருந்து மறைந்துவிடும். முதன்முறை பார்ப்பவர் தம் கருவி பழுதாகிவிட்டதென்றே எண்ணுவார்.

அறுபது ஆண்டு வரலாறு

முதல் வானிலைச் செயற்கைக்கோளான டைராஸ்-1, 1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்டது. அதில் இருந்தவை தொலைக்காட்சிக் கேமராக்கள். எனவே இரவில் அதற்குப் பார்வை இல்லை. 1963 டிசம்பரில் ஏவப்பட்ட டைராஸ்-8 வேறொரு புதுமையைக் கொண்டுவந்தது. எடுத்த படத்தை எங்கோ ஒரு தலைமை நிலையத்திற்கு மட்டும் அனுப்பாமல், தான் கடந்துசெல்லும் ஊர்களுக்கெல்லாம் வானொலி அலையாக ஒலிபரப்பியது. எளிய வானொலிக் கருவி உள்ள யாரும் அதை வாங்கலாம் என்ற அந்த முடிவே இன்றைய பொழுதுபோக்கின் தொடக்கம்.

இரவு மேகங்களை நுணுக்கமாகப் படம்பிடிக்கும் அகச்சிவப்புக் கருவியை நிம்பஸ்-1 சுமந்து சென்றது. 1964 ஆகஸ்ட் 28 அன்று ஏவப்பட்ட அது, ஒரு மாத காலத்திற்குள் செயலிழந்தது. அதே ஆண்டு டிசம்பர் 22 இரவில்தான் தனுஷ்கோடி கடலுக்கு இரையானது. நிம்பஸின் அடுத்த கோள் 1966 மே மாதம் விண்ணேறியது. அதன் இரவுப் படங்களைத் தரை நிலையங்கள் நேரடியாகவே வாங்க முடிந்தது. இன்று நமக்கெனப் புவிநிலைச் சுற்றுப்பாதையில் இன்சாட் வரிசைக் கோள்கள் உள்ளன. 2016இல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகியவை பகலென்றும் இரவென்றும் பாராமல் அரைமணிக்கு ஒருமுறை பாரதத்தையும் சுற்றியுள்ள கடல்களையும் அளந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் படங்களை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்திலும், அகமதாபாதிலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் மோஸ்டாக் தளத்திலும் யாரும் பார்க்கலாம். இப்பொழுதுபோக்கில் இறங்க விரும்புவோர் முதலில் சில வாரங்கள் இவற்றையே பார்த்துப் பழகுவது நல்லது. பணமும் மிஞ்சும், கண்ணும் பழகும்.

மொட்டைமாடி நிலையம்

இணையத்தில் அனைத்தும் கிடைக்கும்போது நாமே ஏன் வாங்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. கிணற்றடியில் நாமே இறைத்துக் குடிக்கும் நீருக்கு ஒரு சுவை உண்டு என்பது ஒரு விடை. மற்றொரு விடை நடைமுறை சார்ந்தது. துருவச் சுற்றுப்பாதையில் செல்லும் கோள்கள் 800 கிலோமீட்டர் சொச்ச உயரத்தில்தான் பறக்கின்றன. 36,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இன்சாட்டின் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி 4 கிலோமீட்டர் பரப்பைக் குறிக்கிறதென்றால், இவற்றில் ஒரு புள்ளி 1 கிலோமீட்டர் அளவே. புயலின் கண்ணோரத்து நெளிவும் பனிமூட்டத்தின் விளிம்பும் இதில்தான் தெளிவாகத் தெரியும்.

தொடங்குவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இத்துறையைப் பற்றிய பழைய வழிகாட்டிகள் பெரும்பாலும் அமெரிக்காவின் நோவா-15, நோவா-18, நோவா-19 ஆகிய மூன்று கோள்களைப் பற்றியே பேசுகின்றன. நொடிக்கு இரண்டு வரிகள் வீதம் அவை அனுப்பிய படத்தைக் காதாலும் கேட்க முடிந்தது. கடிகாரம் துடிப்பதைப் போன்ற அந்த ஒலியைக் கேட்டே பல நாடுகளில் ஒரு தலைமுறை இப்பொழுதுபோக்கைக் கற்றது. அம்மூன்றும் 2025 ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்வு பெற்றுவிட்டன. அவற்றிற்கென்றே விற்கப்படும் கருவித் தொகுப்பை இனி வாங்குவது வீண்செலவு.

அதே அலைவரிசைப் பகுதியில் ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வரிசைக் கோள்கள் ஒலிபரப்புகின்றன. 2023 ஜூனில் ஏவப்பட்ட 2-3, 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட 2-4 ஆகிய இரண்டும் 137.1 அல்லது 137.9 மெகாஹெர்ட்ஸில் இலக்கமுறைப் படங்களை அனுப்புகின்றன. காதுக்கு அது வெறும் இரைச்சலாகவே கேட்கும். கணினிக்கு மட்டுமே அதன் பொருள் புரியும். பழைய ரசிகர்களுக்கு இது குறைதான். ஆனால் படத்தின் தெளிவு நோவாவின் ஒலிபரப்பைவிட நான்கு மடங்கு கூர்மை.

தேவைப்படுவது, தொலைக்காட்சி ஒலிபரப்பை வாங்குவதற்காக முதலில் செய்யப்பட்ட யுஎஸ்பி டாங்கிள். ரியல்டெக் நிறுவனத்தின் சில்லு கொண்ட இந்தச் சிறு கருவியை மென்பொருளின் துணையால் எந்த அலைவரிசைக்கும் ஏற்ற வானொலியாக மாற்றலாம் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்தது. விலை சில ஆயிரம் ரூபாய். ஆன்டெனாவை வீட்டிலேயே செய்யலாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு கம்பிகளை, இடையே 120 டிகிரி கோணம் வருமாறு தரைக்கு இணையாக விரித்து, அந்தக் கோணத்தின் நடுக்கோடு வடக்கு-தெற்காக அமையும்படி நிறுத்தினால் போதும். கோள்கள் துருவங்களை நோக்கிச் செல்பவை ஆதலால் இந்த அமைப்பு அவற்றின் பாதைக்குப் பொருந்துகிறது. கம்பிகளிலிருந்து டாங்கிளுக்கு ஒரு கோ-ஆக்சியல் கேபிள். அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. சாட்-டம்ப் என்ற இலவச மென்பொருள் அலையை வாங்குவது முதல் படமாக்குவது வரை எல்லாப் பணிகளையும் ஏற்றுக்கொள்கிறது. கோள் எப்போது நம் வானில் வரும் என்பதையும் அதுவே கணித்துச் சொல்லும்; அதற்கு வேண்டிய பாதைத் தரவை மட்டும் வாரம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

ஒரு கடப்பு அதிகம் போனால் 15 நிமிடம். கோள் தொடுவானத்தில் எழும்போது சமிக்ஞை மெல்லத் தலைகாட்டும்; தலைக்கு மேலே வரும்போது வலுக்கும்; மறுபுறம் சரிந்து மங்கும். விரைந்து நெருங்கி விலகுவதால் அலைவரிசை ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் மேலும் கீழும் நகரும். ரயிலின் ஊதல் நம்மைக் கடக்கும்போது மாறுவதைப் போன்றதே இது. வரி வரியாகப் படம் திரையில் வளரும். வடக்கு நோக்கிச் செல்லும் கடப்பாக இருந்தால் படம் தலைகீழாக வரும், திருப்பிக்கொள்ள வேண்டும். நாட்டின் நடுவேயுள்ள நாகபுரியில் உயரமான கடப்பு ஒன்று கிடைத்தால், இமயத்தின் பனிமுகடுகளிலிருந்து குமரிக்குத் தெற்கே கடல் வரை ஒரே படத்தில் அடங்கிவிடும்.

இடையூறுகள் பெரும்பாலும் நம் வீட்டிலிருந்தே வருகின்றன. மலிவான எல்இடி விளக்குகள், கைப்பேசி சார்ஜர்கள், இன்வெர்ட்டர் ஆகியவை எழுப்பும் மின் இரைச்சல், 800 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் மெல்லிய அலையை எளிதில் மூழ்கடித்துவிடும். தெரு முழுவதும் மின்தடை ஏற்பட்ட இரவில் மடிக்கணினியின் மின்கலத்தைக் கொண்டு வாங்கிய படம் வழக்கத்தைவிடத் தெளிவாக அமைவது இதனால்தான். நகரவாசிகளுக்குப் பண்பலை வானொலிக் கோபுரங்களும் தொல்லை. அவற்றின் அலையைத் தடுக்கும் சிறு வடிகட்டி ஒன்றைச் சேர்ப்பது பயன் தரும். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இடி மின்னல் உள்ளபோது மாடிக்குச் செல்லக் கூடாது. கேபிளைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். காண ஆவல் மிகுந்த படம் பெரும்பாலும் அத்தகைய இரவில்தான் வரும் என்பதால் இந்த எச்சரிக்கை.

மீட்டியோர் கோள்கள் ஒரே சமயத்தில் மூன்று அலைத்தொகுதிகளை மட்டுமே இவ்வழியில் அனுப்புகின்றன. அம்மூன்றுள் அகச்சிவப்பு ஒன்றேனும் இருந்தால்தான் இரவுக் கடப்பில் படம் உண்டு, இல்லையேல் கருந்திரைதான். எந்தத் தொகுதிகள் அனுப்பப்படுகின்றன என்பது காலத்திற்குக் காலம் மாறும். கம்பி ஆன்டெனாவில் கைதேர்ந்தவர்கள் அடுத்த படியாக, வலைபோன்ற வட்டத்தட்டு ஆன்டெனாவும் பெருக்கியும் கொண்டு 1.7 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்குச் செல்கிறார்கள். 128 டிகிரி கிழக்கில் நிற்கும் தென்கொரியாவின் ஜியோ-கொம்ப்சாட்-2ஏ, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை முழுப் பூமியின் அகச்சிவப்புப் படத்தை அங்கே ஒலிபரப்புகிறது. நம் நாடு அப்படத்தின் மேற்கு ஓரத்தில் சாய்ந்து தெரியும். அரபிக்கடலுக்கு அது அவ்வளவாக உதவாது. வங்கக் கடலுக்கு நன்கு உதவும்.

வெண்மையைப் படித்தல்

இனி மிக முதன்மையான செய்திக்கு வருவோம். புயல் இரவுகளில் பகிரப்படும் படங்களில் பெருந்தவறு ஒன்று மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. வெண்மையாக அல்லது சிவப்பாகத் தெரியும் இடமெல்லாம் பெருமழை பெய்வதாகவும், தெளிவாக உள்ள இடம் தப்பித்துவிட்டதாகவும் சொல்லிவிடுகிறார்கள். அகச்சிவப்புப் படம் காட்டுவது மேகத்தின் உச்சியை மட்டுமே. கூரையைப் பார்த்துவிட்டு வீட்டிற்குள் என்ன சமையல் என்று சொல்வதைப் போன்றது இது.

இடிமேகத்தின் உச்சி, மேல்காற்றில் பட்டறைக்கல் போல விரிந்து, மழை பெய்யும் இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் பரவுவதுண்டு. அதன் கீழே நிற்பவருக்கு ஒரு துளியும் விழாமல் போகலாம். மறுபக்கம், தென்மேற்குப் பருவமழையின்போது மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டும் மழையின் பெரும்பகுதி அவ்வளவாக உயராத மேகங்களிலிருந்து வருகிறது. மலைச்சரிவு ஈரக்காற்றை மேலே தள்ளுவதால் உண்டாகும் மேகங்கள் அவை. படத்தில் வெறும் சாம்பல் நிறம், தரையிலோ வெள்ளம். மழையை நேரடியாகக் காட்டுவது டாப்ளர் ரேடார்தான். ஆகவே அனுபவமுள்ள பொழுதுபோக்காளர் ஒரே படத்தை வைத்து எதையும் சொல்வதில்லை. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, வெண்திட்டு வளர்கிறதா, மேலும் குளிர்கிறதா, அல்லது வெளிறி நைந்துபோகிறதா என்று பார்க்கிறார். பிறகு ரேடார் படத்தைத் திறக்கிறார்.

புயலுக்கு இரவுப் படம் சொல்லும் செய்தி தனிவகை. வலுத்த புயலின் கண் மேகமற்று வெறிச்சோடியிருப்பதால், அதன் வழியே கருவி கீழ்மட்டக் காற்றின் வெப்பத்தைக் காண்கிறது. சுற்றிலும் உறைகுளிர் வெண்மை. நடுவில் ஒரு கரும்புள்ளி. அந்தப் புள்ளிக்கும் வளையத்திற்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு பெரிதாகப் பெரிதாகப் புயல் வலியது. அமெரிக்க வானிலையாளர் வெர்னான் டுவோராக் 1970களில் தொடங்கி, 1984இல் அகச்சிவப்புப் படத்திற்கெனச் செம்மைப்படுத்திய மதிப்பீட்டு முறை இதைப் பயன்படுத்துகிறது. கப்பலோ விமானமோ நெருங்க முடியாத நடுக்கடலில் சுழலும் புயலின் வலிமையை நம் வானிலைத் துறையினரும் இம்முறை கொண்டே மதிப்பிடுகின்றனர். மாடியில் வாங்கிய படத்திலும் கண்ணையும் வளையத்தையும் அளந்து பார்க்கலாம். கற்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் வீட்டைவிட்டு வெளியேறுவதா, படகை இறக்குவதா என்ற முடிவிற்கு அந்த அளவை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. அதற்கு உரியது வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கை மட்டுமே. நம் படத்தைப் பிறருக்கு அனுப்பினால், எடுத்த தேதியையும் நேரத்தையும் அதன்மேல் எழுதியே அனுப்ப வேண்டும். நேரமில்லாத மேகப்படம் அடுத்த ஆண்டு வேறொரு புயலின் பெயரில் திரும்பி வரும்.

இரவுக் கருவியின் உண்மையான திறமை வெளிப்படுவது குளிர்காலத்தில், வடநாட்டுச் சமவெளியில். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பஞ்சாபிலிருந்து பீகார் வரை தரையை ஒட்டிப் படியும் பனிமூட்டம், ரயில்களையும் விமானங்களையும் மணிக்கணக்கில் நிறுத்திவைக்கிறது. நம் பயணங்களும் சரக்குகளும் அதில் சிக்குவதுண்டு. ஆயினும் சாதாரண அகச்சிவப்புப் படத்தில் அது தெரிவதேயில்லை. மூட்டத்தின் உச்சியும் அதன் கீழுள்ள நிலமும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருப்பதால் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடுகின்றன.

இதைப் பிடிக்க ஓர் உத்தி உண்டு. நான்கு மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில், நுண்ணிய நீர்த்துளிகள் தம் வெப்பநிலைக்குரிய அளவைவிடக் குறைவாகவே கதிர்வீசும். 11 மைக்ரோமீட்டரிலோ முழு அளவில் வீசும். ஆகவே ஒரே இடத்தை இரு அலைநீளங்களிலும் அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், வெறும் நிலத்தில் வேறுபாடு ஏறக்குறைய ஒன்றுமிராது. பனிமூட்டம் உள்ள இடத்தில் சில டிகிரி வேறுபாடு தெரியும். மறைந்திருந்த மூட்டம் கங்கைச் சமவெளியின் வடிவிலேயே, இமய அடிவாரத்தை ஒட்டிய நீண்ட பட்டையாக எழுந்து நிற்கும். பகலில் இந்தக் கழித்தல் பலிக்காது. நான்கு மைக்ரோமீட்டர் அலையில் சூரிய ஒளியின் எதிரொளிப்பும் கலந்துவிடுவதே காரணம். இரவில் மட்டுமே செய்யக்கூடிய சோதனை இது. இன்சாட் படங்களில் வானிலைத் துறை வெளியிடும் இரவுப் பனிமூட்டப் படமும் இக்கணக்கின் பயனே.

தில்லியிலோ லக்னோவிலோ உறவினர் உள்ளவர்கள், அவர்கள் புறப்படும் நாளுக்கு முந்தைய இரவில் அந்தப் படத்தை ஒருமுறை திறந்து பார்க்கலாம். விடிந்தபின் பகற்படத்தையும் அதனுடன் வைத்துப் பார்த்தால், மூட்டம் ஒரேயடியாகக் கலையாமல், மெலிந்த ஓரங்களில் தொடங்கி உள்நோக்கிச் சுருங்குவது தெரியும். நடுவில் தடித்துக் கிடக்கும் பகுதி கடைசியில்தான் விலகும். அங்குள்ள நிலையங்களில் வண்டிகள் நண்பகல் வரை காத்து நிற்கும்.